எட்டாவது வயர்

உலகத்தில் எரிபொருளைச் சேமிக்க எத்தனையோ வழிகள் உண்டு. நடந்து போகலாம், சைக்கிள் மிதிக்கலாம், எங்கேயும் போகாமல் வீட்டிலேயே சும்மா இருக்கலாம். ஆனால் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் வழி ஒன்று இருக்கிறது. எரிபொருளைச் சேமிப்பதற்கென்றே தனியாக ஓர் அலுவலகம் திறந்து, அதற்கு எட்டுக் கார்கள் வாங்கிக் கொடுப்பதுதான் அது. அப்படி ஓர் அலுவலகத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல யாராவது முன்வர வேண்டும். பாவம், அந்த அலுவலகத்துக்குத் தற்பெருமை பேசத் தெரியாது. மாதம் இரண்டு சுற்றறிக்கைக்கு மேல் அது தன்னைப் புகழ்ந்துகொண்டதே இல்லை.

‘எரிபொருள் சிக்கன ஊக்குவிப்பு அலுவலகம்’ என்று வாசலில் பெரிய பலகை. பலகைக்கு மேல் பட்டப்பகலிலும் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கின் சுவிட்ச் ஓர் அறைக்குள் இருந்தது. அறையின் சாவி, மாற்றலாகிப் போன ஒருவரிடம் இருந்தது. ஐந்து வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. சிக்கனத்தின் ஒளி அணையாமல் இருக்கட்டும் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள்.

அங்கே பதினொரு வருடமாகத் தற்காலிக ஓட்டுநராக இருந்தவர் மீட்டர். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று தினமும் எழுதுகிற பழக்கம் அவருக்கு. எழுதாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஓடும் வண்டியில் தேவையில்லாமல் பிரேக் பிடித்தால்கூட, யாரோ தன் வயிற்றில் கிள்ளியது போல முகம் சுளிப்பார். அதனால் சக ஓட்டுநர்கள் சூட்டிய பெயர் அது. கடைசியில் சம்பளப் பட்டியலில்கூட ஒரு மாதம் அப்படியே ஏறி, அடுத்த மாதம் திருத்தப்பட்டது.

தற்காலிகம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் ஒரு நாள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படிப் பதினொரு வருடத்தில் இருபத்திரண்டு நாள்கள் மீட்டர் வேலையில்லாதவராக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி தையல் தொழில் செய்பவர். சும்மா இருக்கிற மனுஷன் கையில் ஊசியைக் கொடுத்துப் பட்டன் தைக்கச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு நாளில் மீட்டருக்குப் பட்டன் தையல் நன்றாகவே கைவந்துவிட்டது. நிரந்தரம்தான் கைக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் எட்டுக் கார்களும், அவற்றுக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கையும் வந்தன. ‘புதிய வாகனங்களில் ஆண்டு முடிவில் மிகக் குறைந்த எரிபொருளில் ஓட்டிக் காட்டும் தற்காலிக ஓட்டுநர் ஒருவருக்குப் பணி நிரந்தரம் பரிந்துரைக்கப்படும்.’ ஓட்டுநர்கள் எட்டுப் பேருமே தற்காலிகம். ஏழு பேர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மீட்டர் மட்டும் அதை நம்பினார். அலுவலக வாழ்க்கையில் அவர் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான்.

வந்தவை சாதாரணக் கார்கள் அல்ல. மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். ராத்திரி வயரைச் சுவரில் செருகிவைத்தால் காலையில் பேட்டரி நிரம்பியிருக்கும். அதில் ஐம்பது கிலோமீட்டர் வரை ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் போகலாம். பேட்டரி தீர்ந்ததும் எஞ்சின் தானாக விழித்துக்கொண்டு மிச்ச வேலையைப் பார்க்கும். அந்த அலுவலகத்தின் கார்கள் நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதாவது, வயர் ஒன்று இருந்துவிட்டால் பெட்ரோல் பங்க் இருக்கும் தெருவையே மறந்துவிடலாம்.

வயர் இருந்தது. கிடங்கில் இருந்தது.

கிடங்குப் பொறுப்பாளரைப் போன்ற ஒரு கடமை வீரரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எந்தப் பொருள் வந்தாலும் அது கெட்டுப் போகாமல் காப்பாற்றுவார். பொருள் கெடுவது எதனால்? பயன்படுத்துவதால். ஆகவே பயன்படுத்த விடமாட்டார். முதல் நாள் ஏழு கார்கள் வந்து நின்றதும், ஒவ்வொன்றின் டிக்கியையும் திறந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத வயர்ப் பைகளைக் கைப்பற்றினார். ‘தடித்த கறுப்பு வயர், பையுடன், ஏழு’ என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு முத்திரையும் வைத்தார். கூடவே வந்த கையேடுகளும் உள்ளே போய்விட்டன.

யாரோ ஒருவர், வயர் இல்லாமல் எப்படி சார்ஜ் ஏற்றுவது என்று கேட்டாராம்.

“வெளியே விட்டா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க சார். அப்புறம் வயர் எங்கேன்னு என்னைத்தானே கேப்பீங்க? சார்ஜ் எங்கேன்னு யாரும் என்னைக் கேக்கப் போறதில்லை.”

எட்டாவது கார் ஒரு வாரம் கழித்து வந்தது. அதை விற்பனை நிலையத்திலிருந்து ஓட்டிவந்தவர் மீட்டர். வந்த அன்றைக்குக் கிடங்குப் பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார். டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே வயரும் கையேடும் அப்படியே தங்கிவிட்டன. பதிவேட்டில் கார் எட்டு, வயர் ஏழு. அந்த ஒரு வயரை நினைத்துக் கிடங்குப் பொறுப்பாளர் பல நாள் சரியாகத் தூங்கவில்லை என்று கேள்வி.

வயர் இல்லாத குறையைத் தீர்த்துவைத்தவர் தலைமை அலுவலர். அவருடைய கண்டுபிடிப்பை விஞ்ஞானிகள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு நாள் காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேட்டரி படம் போட்ட பட்டன் ஒன்று அகப்பட்டது. அமுக்கினார். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமியது. பேட்டரி மெல்ல மெல்ல ஏறியது. பெட்ரோலை எரித்து பேட்டரியை நிரப்பும் வசதி அது. வேறு வழியே இல்லாத நேரத்துக்காக, பாவம், கார் செய்தவர்கள் வைத்தது. தலைமை அலுவலருக்கு அது ஒரு தத்துவமாகவே தெரிந்தது.

மறுநாள் கூட்டம் போட்டார். சுவருக்கு முன்னால் நாம் ஏன் கை நீட்ட வேண்டும் என்று கேட்டார். நம் காரே நம் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும்போது மின் நிலையத்தின் தயவு எதற்கு என்றார். இதற்கு ‘தன்னிறைவு’ என்று பெயரும் வைத்தார். அத்துடன் ஒரு விதியும் பிறந்தது. பேட்டரி என்பது அலுவலகச் சொத்து. காலையில் நூறு சதவீதம் எடுத்துச் சென்றவர் மாலையில் நூறு சதவீதமாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததைப் பேட்டரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டும்.

அன்று முதல் மாலை நாலு மணி ஆனால் அலுவலக முற்றம் களைகட்டிவிடும். ஏழு கார்களும் வரிசையாக நிற்கும். ஏழு எஞ்சின்களும் உறுமும். எந்த வண்டியும் ஓர் அங்குலம் நகராது. ஓட்டுநர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். ஆறு மணிக்கு ஏழு பேட்டரியும் நூறைத் தொட்டதும் சீட்டைக் கலைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டாவது மாடியில் இருப்பவர்கள் புகை தாங்காமல் ஜன்னலை மூடி, ஏசி போட்டுக்கொள்வார்கள். பழைய கார் இரண்டரை லிட்டரில் முடித்த ஒரு நாள் ஓட்டத்தைப் புதிய கார் ஐந்து லிட்டரில் முடித்தது. முன்னேற்றம் என்றால் சும்மாவா?

இந்த ஏழு கார் வரிசையில் மீட்டர் இல்லை. காரணம், அவர் தலைமை அலுவலரின் ஓட்டுநர். தலைமை அலுவலர் தினமும் நாலு மணிக்கே ‘களப்பணி’க்குக் கிளம்பிவிடுவார். களம் அவருடைய வீடு. அவரை இறக்கிவிட்டுவிட்டு, காரைத் தன் தெருவிலேயே நிறுத்தி, காலையில் மறுபடி போய் அழைத்துவருவது மீட்டரின் வேலை. ஆகவே காலையில் தன் தெருவிலிருந்து கிளம்பும்போது காட்டும் அளவைத்தான் அவர் பேட்டரிப் பதிவேட்டில் எழுதுவார். காலையில் அது எப்போதும் நூறாக இருந்தது.

ரகசியம் மீட்டர் வீட்டுச் சமையலறையில் இருந்தது. முதல் மாடி வீடு. கையேட்டை இரண்டு முறை படித்து முடித்த அன்றைக்கே, அடித்தட்டிலிருந்து வயரை எடுத்து, சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற காருக்கு இறக்கினார். வாளியில் தண்ணீர் சேந்துவது போல அவர் ஜன்னலில் நின்று வயரை இறக்குவதைப் பார்க்கத் தெருவில் சின்னக் கூட்டமே கூடியது.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

“என்னங்க இது?”

“சார்ஜ்.”

“ஆபீஸ் காருக்கு நம்ம வீட்டுக் கரண்டா?”

“வருஷக் கடைசியில நிரந்தரம்னு போட்டிருக்கான். படிச்சுக் காட்டினேன் இல்ல?”

“நிரந்தரம் வர்றதுக்குள்ள என் மெஷின் நிக்காம இருந்தா சரி.”

மெஷினும் காரும் தண்ணீர் சூடாக்கும் கருவியும் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபியூஸ் போய்விடும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவசரத் தையல் இருக்கும் நாளில் கார் காத்திருக்கும். கார் வயிறு நிரம்பும்வரை யாரும் வெந்நீர் கேட்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில் குளித்துக் குளித்து மனைவிக்கு இரண்டு முறை சளி பிடித்தது. கீழ் வீட்டு அம்மாள் அந்த வயரில் ஒரு நாள் துண்டு காயப்போட்டார். மீட்டர் இறங்கிப் போய் வயரின் அருமை பெருமைகளை அரை மணி நேரம் விளக்கிய பிறகே அந்த அம்மாள் துண்டை எடுத்துக்கொண்டார்.

ஆனால் நோட்டைத் திறந்தால் மீட்டருக்குச் சந்தோஷம் தாங்காது. இன்று ஓடியது முப்பத்தெட்டு கிலோமீட்டர், பெட்ரோல் இல்லை. இன்று நாற்பத்தொன்று, பெட்ரோல் இல்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும், தலைமை அலுவலரைத் தலைமையகத்துக்கு அழைத்துப் போகிற நெடும்பயணத்தில், பேட்டரி முதல் ஒரு மணி நேரத்திலேயே காலியாகிவிடும். பிறகு அத்தனை கனத்த பேட்டரியையும் எஞ்சின்தான் சுமக்க வேண்டும். அன்றைக்குப் பழைய காரைவிட இது அதிகமாகவே குடிக்கும். அதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். மூத்த ஓட்டுநர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்று கேட்டார்.

“பக்கத்துல போய் வர இது தங்கம்ணே. தூரம் போனா சுமை. சார்ஜே ஏத்தாம ஓட்டினா வெறும் சுமைதான், மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு மாடி ஏறி இறங்கற மாதிரி.”

“நாங்க தினமும் நூறு ஏத்தறோமே?”

மீட்டர் மற்ற கார்களின் வரிசையைப் பார்த்தார். நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

எட்டு மாதம் ஓடியது. பேட்டரிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தினமும் நூறு; கிடங்குப் பொறுப்பாளர் அதைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். பெட்ரோல் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மாதம் பதினொரு லிட்டர். அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு பதிவேடுகளும் வேறு வேறு மாடியில் இருந்தன. ஒன்றையொன்று அவை சந்தித்ததே இல்லை.

சந்திக்க வைத்தவர் தணிக்கை அலுவலர். தலைமையகத்திலிருந்து வந்த அந்த அம்மாள் நல்ல உழைப்பாளி. வந்த முதல் நாளே இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் போட்டார். மாதம் ஏழு கார்களுக்குத் தலா நூற்றிருபது லிட்டர். எட்டாவது காருக்குப் பதினொன்று. எட்டும் ஒரே ரகம், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே தூரம். எங்கோ பெரிய மோசடி நடந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவர் பார்வை எட்டாவது காரின் மேல் விழுந்தது.

இத்தனை வருடப் பணியில் பெட்ரோலைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு அகப்பட்டவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். எடுக்காமல் அகப்பட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார். அதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பிரிவுகூட இல்லை. இருந்தாலும் மனம் தளராமல் ‘குறை நுகர்வு’ என்று புதிதாக ஒரு பெயர் வைத்து, விசாரணைக் குழு அமைத்தார். குழுவில் அவர், தலைமை அலுவலர், கிடங்குப் பொறுப்பாளர் ஆகிய மூவர். விசாரணை முடியும்வரை மீட்டரின் நிரந்தரக் கோப்பு நிறுத்திவைக்கப்பட்டது.

கூட்ட அறையில் அவரை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

“வண்டி ஓடவே இல்லை. ஓடினதா எழுதியிருக்கீங்க. அதானே?” என்றார் தணிக்கை அலுவலர்.

“ஓடுச்சு மேடம். நோட்டு இருக்கு.”

“நோட்டு நீங்க எழுதினது. சாட்சி யாரு?”

மீட்டர் மெதுவாகத் தலைமை அலுவலரைப் பார்த்தார். எட்டு மாதமும் பின் இருக்கையில் உட்கார்ந்து போனவர் அவர்தான். தூரம் பொய் என்றால் அவருடைய ‘களப்பணி’யும் பொய். தலைமை அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி ஓடியது உண்மை, அதற்குத் தானே சாட்சி, எங்கெங்கே போனோம் என்கிற விவரத்துக்குள் இப்போது போக வேண்டியதில்லை என்று மளமளவென்று சொல்லி முடித்தார்.

“அப்போ பெட்ரோல் இல்லாம எப்படி ஓடும்?”

“கரண்ட்ல ஓடும் மேடம். அதுக்குத்தானே இந்த வண்டி?”

“கரண்ட் எங்கிருந்து வந்துச்சு?”

“எங்க வீட்டுச் சமையலறையிலிருந்து.”

தணிக்கை அலுவலர் பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டார். அலுவலக வாகனத்துக்குள் வெளியார் மின்சாரத்தை ஏற்ற யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அந்த மின்சாரத்தின் தரம் பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டார். மீட்டர், தன் மனைவியின் தையல் மெஷின் அதே மின்சாரத்தில்தான் பதினைந்து வருடமாக ஓடுகிறது, இதுவரை ஒரு குறையும் இல்லை என்றார். அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது.

அப்போதுதான் கிடங்குப் பொறுப்பாளர் வாயைத் திறந்தார்.

“வயர் ஏதுப்பா?”

மீட்டர் கீழே போய் டிக்கியிலிருந்து வயரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உறை பிரித்தது, முனை தேய்ந்தது, நடுவில் துண்டு காயப்போட்ட சுவடு உள்ளது. கிடங்குப் பொறுப்பாளர் எழுந்து வந்து அதை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த எட்டாவது வயர். விசாரணை முடியும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அன்று மாலையே அது ‘மீட்கப்பட்டது, பயன்படுத்திச் சேதமானது’ என்ற குறிப்போடு அலமாரிக்குள் போனது.

முடிவு என்ன? பெட்ரோல் திருடப்படவில்லை என்பது நிரூபணமானது. ஆனால் ஒரே ரகக் கார்கள் ஒரே அளவு குடிக்க வேண்டும் என்பது தணிக்கை விதி. வித்தியாசம் இருந்தால் அது முறைகேடு. அதை நீக்க இரண்டு வழிகள் இருந்தன. ஏழு கார்களைப் பதினொரு லிட்டருக்கு இறக்கலாம். அதற்கு அலமாரியின் முத்திரையை உடைக்க வேண்டும், சுவரில் பிளக் வைக்க வேண்டும், ‘தன்னிறைவு’ச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். அல்லது ஒரு காரை நூற்றிருபது லிட்டருக்கு ஏற்றலாம். அதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. குழு ஒருமனதாக இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

இது இப்படி இருக்க, அதே வாரம் தலைமையகத்திலிருந்து ஆண்டு அறிக்கைப் படிவம் வந்தது. ‘ஒரு காரின் மாத எரிபொருள் நுகர்வு’ என்று கேட்டு, எழுத ஒரே ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். எட்டுக் காரில் எந்தக் காரை எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். தலைமை அலுவலர் நேர்மையானவர். படிவத்தில் ஒரு கார் என்றுதான் இருக்கிறது, ஒரு காரைப் பற்றி உண்மையை எழுதினால் போதும் என்றார். எழுத்தர் ‘11’ என்று எழுதினார்.

மீட்டரைத் தலைமை அலுவலர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பணி நிரந்தர ஆணை இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லாமல்.

“இங்க பாருப்பா. உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்த மாசம் மத்தவங்க மாதிரி நூத்திருபது காட்டிடு. கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்.”

“சார், அதைத்தான் குறைக்கச் சொல்லி சுற்றறிக்கை போட்டீங்க.”

“குறைச்சாச்சே. அறிக்கையில பதினொண்ணுன்னு போயாச்சு. இனிமே நீ எதுக்குக் கஷ்டப்படறே?”

“சும்மா நின்னுக்கிட்டுப் பெட்ரோலை எரிக்க எனக்குக் கை வராது சார்.”

“கை எதுக்கு வரணும்? பட்டனை அமுக்கிட்டுத் தள்ளி நில்லு.”

மீட்டர் வீட்டுக்குப் போனார். சமையலறை ஜன்னலைத் திறந்தார். இறக்குவதற்கு வயர் இல்லை. மூடினார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு நடந்ததை எல்லாம் கேட்டார். திருடியதற்கு விசாரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், திருடாததற்கும் விசாரிக்கிற ஆபீஸ் உங்களுடையதுதான் என்றார். மீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு கேட்கவில்லை என்றார். பதினொரு வருட நோட்டில் வீணாய்ப் போன பெட்ரோல் என்று ஒரு வரிகூட இல்லை என்றார்.

மனைவி கொஞ்ச நேரம் கையிலிருந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க என்ன செஞ்சாலும் எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு சொல்லட்டா? அந்த ஒரு நாள் வேலை இல்லாம வந்து உக்காருவீங்க பாருங்க. முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாதுன்னுதான் பட்டனைக் கொடுப்பேன். இருபத்திரண்டு தடவை கொடுத்துட்டேன். இன்னொரு தடவை கொடுக்க எனக்குத் தெம்பில்லை.”

அன்று இரண்டு பேரும் வெந்நீரில் குளித்தார்கள்.

மறுநாள் காலை மீட்டர் தலைமை அலுவலரிடம் போய்ச் சரி என்றார். அடுத்த மாதம், தலைமையகம் அந்த அலுவலகத்தை நாட்டிலேயே மிகச் சிக்கனமான அலுவலகம் என்று அறிவித்தது. கேடயம் கொடுக்க முக்கிய விருந்தினர் வந்தார். கூட்ட மண்டபத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் ஏழு வயர்கள் உறை பிரிக்காமல், எட்டாவது வயர் தனியாக, ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் கட்டி. அடியில் ‘நம் தொழில்நுட்பம்’ என்ற அட்டை. சாவி கிடங்குப் பொறுப்பாளரின் இடுப்பில். மீட்டரின் காரை ‘மாதிரி வாகனம்’ என்று முந்தின நாளே முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து வந்தவர் எல்லாரும் அதில் ஏறி உட்கார்ந்து, ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள். கார் அன்று முழுக்க ஓர் அடி நகரவில்லை. பேட்டரி காலியாகிவிட்டது.

விருந்தினர், மாதம் வெறும் பதினொரு லிட்டர் எப்படிச் சாத்தியமாயிற்று என்று மேடையிலேயே கேட்டார். தலைமை அலுவலர் ஒலிவாங்கியைப் பிடித்து, அடக்கமாக, “தன்னிறைவு” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தொடர்ந்து மீட்டரை மேடைக்கு அழைத்து நிரந்தர ஆணையைக் கொடுத்தார்கள். ‘எரிபொருள் சிக்கனத்தில் ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி’ என்று அதில் இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி, புதுப் பட்டன் வைத்த சட்டையில் அவரைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீட்டருக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மணி நாலு அடித்தது. விருந்தினர் தூய காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். மீட்டர் மேடையிலிருந்து இறங்கி, முற்றத்துக்குப் போய், மாதிரி வாகனத்தை எடுத்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார். பட்டனை அமுக்கிவிட்டுத் தள்ளி நின்றார். எட்டு எஞ்சின்களும் ஒன்றாக உறுமின. மூத்த ஓட்டுநர் சீட்டுக்கட்டைக் கலைத்து அவருக்கும் ஒரு கை போட்டார். புகை மேலே போனதும் மண்டபத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது.

ஆறு மணிக்குப் பேட்டரி நூறைத் தொட்டது. மீட்டர் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, வழக்கம்போல அன்றைய கணக்கை எழுதினார்.

‘ஓடியது: பூஜ்யம் கிலோமீட்டர். பெட்ரோல்: ஐந்து லிட்டர். வேலை: நிரந்தரம்.’